மந்திரி பதவியைப் பறித்த மேற்கோள் குறி!

ஜெர்மனியில் ஒரு மந்திரி இருந்தார். பெயர், கார்ல் தியோடர் சூ குட்டன்பர்க். பிரபு வம்சத்தில் பிறந்தவர். மாளிகை உண்டு, செல்வம் உண்டு, செல்வாக்கும் உண்டு. 2009-ம் ஆண்டு ராணுவ மந்திரி ஆனபோது அவருக்கு வயது 37தான்.

"வருங்காலப் பிரதமர் இவர்தான்" என்று பலர் பேசிக்கொண்டார்கள்.

அந்த மந்திரியின் பதவி 2011-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி பறிபோயிற்று!

லஞ்சம் வாங்கினாரா? இல்லை. நாட்டின் ரகசியத்தை எதிரிக்கு விற்றாரா? அதுவும் இல்லை.

பிறர் எழுதிய வரிகளைத் தன் கட்டுரையில் எடுத்துப் போட்டுக்கொண்டார். "இவை இன்னாருடைய வரிகள்" என்று குறிப்பிடவில்லை. வரியின் தொடக்கத்திலும் முடிவிலும் போடவேண்டிய சின்னஞ்சிறு மேற்கோள் குறிகளைப் போடவில்லை.

அவ்வளவுதான். ராஜினாமா!

475 பக்கம்

குட்டன்பர்க் ஒரு "டாக்டர்". ஊசி போடும் டாக்டர் அல்ல. ஒரு விஷயத்தை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, கண்டதைக் கட்டுரையாக எழுதிக் கொடுத்தால், பல்கலைக்கழகம் "டாக்டர் பட்டம்" கொடுக்கும். குட்டன்பர்க் அந்தப் பட்டத்தை ஜெர்மனியில் உள்ள பைராய்ட் பல்கலைக்கழகத்தில் 2007-ம் ஆண்டு பெற்றார். அமெரிக்கா, ஐரோப்பா ஆகியவற்றின் அரசியல் சட்டங்கள் பற்றிய ஆராய்ச்சி. புத்தகமாக வந்தபோது 475 பக்கம் இருந்தது.

2011 பிப்ரவரியில், பிரெமன் நகரத்துச் சட்டப் பேராசிரியர் ஒருவர் அந்தப் புத்தகத்துக்கு மதிப்புரை எழுத உட்கார்ந்தார். சில வரிகள் மீது சந்தேகம் வந்தது. தேடிப் பார்த்தார். அதே வரிகள் வேறு இடங்களில் இருந்தன!

செய்தி பத்திரிகையில் வந்தது. அவ்வளவுதான், ஊர் பேர் தெரியாத வாசகர்கள் பலர் இன்டர்நெட்டில் ஒன்று கூடிவிட்டார்கள். ஆளுக்குச் சில பக்கமாகப் பிரித்துக்கொண்டு, எந்த வரி எங்கிருந்து வந்தது என்று துருவினார்கள். முன்னுரையின் தொடக்க வரிகளே ஒரு செய்தித்தாள் கட்டுரையில் இருந்து வந்தவை என்று தெரிந்தது.

மந்திரி முதலில் மறுத்தார். பிறகு, "சின்னக் குழந்தைகள் உள்ள குடும்பம் ஒரு பக்கம், உத்தியோகம் ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவே பல ஆண்டுகள் எழுதியதில் தவறு நேர்ந்துவிட்டது" என்ற கருத்தில் பேசினார். வேண்டுமென்று செய்யவில்லை என்பது அவர் வாதம். பிப்ரவரி 23-ந் தேதி பல்கலைக்கழகம் பட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டது. ஆயிரக்கணக்கான ஆராய்ச்சியாளர்கள் கண்டனக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஆறே நாளில் பதவியும் போயிற்று. வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று பல்கலைக்கழக விசாரணைக் குழு மே மாதம் முடிவு சொன்னது.

கதை இதோடு நிற்கவில்லை.

அப்போது ஜெர்மனியின் கல்வி மந்திரியாக இருந்தவர் அன்னெட்டே ஷவான் என்ற அம்மாள். குட்டன்பர்க் விஷயத்தில், "எனக்கு வெட்கமாக இருக்கிறது" என்று வெளிப்படையாகச் சொன்னவர் அவர். பிறகு, அவர் 1980-ல் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையையும் பிரித்துப் பார்த்தார்கள். 2013 பிப்ரவரியில் டுசல்டார்ப் பல்கலைக்கழகம் அவருடைய பட்டத்தையும் ரத்துச் செய்தது. நான்கே நாளில் அவரும் ராஜினாமா! "நான் ஏமாற்றவில்லை" என்று கோர்ட்டுக்குப் போனார். 2014-ல் அந்த வழக்கும் தள்ளுபடி ஆயிற்று.

அவர் ஆராய்ந்த விஷயம் என்ன தெரியுமா? மனசாட்சி!

இடையில், 2012-ல் ஹங்கேரி நாட்டு ஜனாதிபதியே இதே காரணத்துக்காகப் பதவி விலகினார். பால் ஷ்மிட் என்பது அவர் பெயர். வாள் சண்டையில் ஒலிம்பிக் தங்கப்பதக்கம் வென்றவர்.

மந்திரிகளுக்கே இந்தக் கதி என்றால், மாணவர்கள் கதி என்ன?

கொல்லுப் பட்டறை அல்ல!

இந்த விபத்தைத் தடுக்கத்தான் இப்போது பல்கலைக்கழக நூலகங்களில் ஒரு பயிற்சி நடக்கிறது. "ஆராய்ச்சி எழுத்துப் பயிற்சிப் பட்டறை" என்று அதற்குப் பெயர். பட்டறை என்றதும் கொல்லுப் பட்டறை, தச்சுப் பட்டறை என்று நினைத்துவிட வேண்டாம். ஆனால் அங்கே போலவே இங்கேயும் கையால் செய்து பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள். பிரசங்கம் குறைவு, வேலை அதிகம்.

புத்தக அலமாரிகளுக்கு நடுவே நீண்ட மேஜைகள். மேஜைக்கு மேஜை கம்ப்யூட்டர். எதிரே புதிதாக ஆராய்ச்சியில் சேர்ந்த மாணவ-மாணவிகள். பாடம் நடத்துபவர் பெரும்பாலும் நூலகர்.

"புத்தகம் எடுத்துக் கொடுப்பவருக்குப் பாடம் நடத்தும் வேலை எப்படி வந்தது?" என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர் நம் ஊர்க்காரர்.

சீர்காழிக் கணக்கு வாத்தியார்

எஸ்.ஆர்.ரங்கநாதன் 1892-ம் ஆண்டு சீர்காழியில் பிறந்தார். கணக்குப் பேராசிரியர். சென்னை மாநிலக் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவர், 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார்.

வேலையில் சேர்ந்த சில நாளிலேயே அவருக்கு அலுத்துவிட்டது. பெரிய இடம், நிறையப் புத்தகம், படிக்க வருபவர்தான் அபூர்வம்! நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பது அவருக்குத் தண்டனையாக இருந்தது. "என்னைத் திரும்பக் கணக்குச் சொல்லிக்கொடுக்க விட்டுவிடுங்கள்" என்று பழைய கல்லூரித் தலைவரிடமே போய்க் கேட்டார்.

"முதலில் லண்டனுக்குப் போய் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டு வா. பிறகும் பிடிக்கவில்லை என்றால் பார்ப்போம்" என்பதுதான் கிடைத்த பதில்.

போனார். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் படித்தார். இங்கிலாந்தில் ஊர் ஊராகப் போய் நூலகங்களைப் பார்த்தார். 1925-ல் வேறு ஆளாகத் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு கணக்குப் பக்கம் திரும்பவே இல்லை.

நூலகருக்குப் புத்தகத்தைக் காவல் காப்பது மட்டும் வேலை அல்ல, வந்தவருக்கு வேண்டியதைத் தேடிக்கொடுத்து, அவர் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது ரங்கநாதனின் கொள்கை. நூலகத்துக்குப் புதிதாக வரும் மாணவனை அலமாரிகளுக்கு நடுவே தவிக்க விடாமல், எப்படித் தேடுவது என்று முதலில் பழக்கிவிட வேண்டும் என்றும் எழுதி வைத்தார். நூலகர்களுக்குச் சென்னையில் 1929-ம் ஆண்டு வகுப்புத் தொடங்கியது. இரண்டு ஆண்டில் அதைப் பல்கலைக்கழகமே ஏற்றுக்கொண்டது. நூலகத்துக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் 1931-ல் புத்தகமாக வந்தன. இன்றைக்கும் உலகம் முழுவதும் நூலகப் பாடத்தில் அந்த ஐந்து விதிகளைப் படிக்கிறார்கள்.

இன்று பட்டறையில் கம்ப்யூட்டர் முன் நிற்கும் நூலகர், அவர் தொடங்கிய வேலையைத்தான் செய்கிறார்.

ஒரே செடி, நான்கு பெயர்

பட்டறையின் முதல் பாடம், தேடுவது.

ஒரு மாணவி தன் ஊர் ஏரியை மூடிக்கிடக்கும் ஆகாயத்தாமரையைப் பற்றி ஆராயப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டரில் "ஆகாயத்தாமரை" என்று தட்டுகிறாள். கொஞ்சம் வருகிறது. "இவ்வளவுதான் இருக்கிறது" என்று நினைத்துக்கொள்கிறாள்.

அங்கேதான் தவறு!

அதே செடிக்கு "வெங்காயத்தாமரை" என்றும் பெயர் உண்டு. தாவர நூல்களில் அதை நெடுங்காலம் "ஐகார்னியா கிராசிப்பஸ்" என்றார்கள். பிறகு வகைப்பாட்டை மாற்றி "பான்டிடேரியா கிராசிப்பஸ்" என்கிறார்கள். பழைய கட்டுரைகள் பழைய பெயரில். புதிய கட்டுரைகள் புதிய பெயரில். ஒரு பெயரை மட்டும் தேடினால் பாதி அறிவு கண்ணில் படாமலே போய்விடும்.

"இது, அல்லது இது" என்று சேர்த்துத் தேடினால் வலை விரியும். "இதுவும் வேண்டும், அதுவும் வேண்டும்" என்று கேட்டால் வலை சுருங்கும். செடியின் நான்கு பெயரையும் "அல்லது" போட்டுச் சேர்த்து, அதோடு "மீன்" என்பதையும் வைத்தால், வேண்டியது மட்டும் வந்து விழும். ஜார்ஜ் பூல் என்ற ஆங்கிலேயக் கணக்கு மேதை கண்ட வழி இது. அவர் இறந்தது 1864-ல். கம்ப்யூட்டரைக் கனவில்கூடக் கண்டிருக்க மாட்டார்!

இந்த ஒரு மணி நேரப் பாடம் தெரியாமல் ஆறு மாதம் அலைந்தவர்கள் உண்டு.

திருட்டுப் புத்தியா, பயமா?

அடுத்த பாடம்தான் முக்கியமானது. எடுத்ததை எப்படி எழுதுவது?

பிறர் வரியைத் திருடுகிறவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பணம் கொடுத்து ஆள் வைத்து எழுதி வாங்கிக்கொள்ளும் ஆசாமிகளும் இருக்கிறார்கள்; அவர்கள் கதை வேறு. ஆனால் பட்டறைக்கு வரும் மாணவர்களில், வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள் இருக்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு, ஆராய்ச்சியை ஆங்கிலத்தில் எழுத வேண்டிய நிலையில் இருப்பவர்கள் இருக்கிறார்கள். புத்தகத்தில் இருக்கும் வாக்கியம் அழகாக இருக்கிறது. தான் எழுதினால் பிழை வருமோ என்று கை நடுங்குகிறது. "இதைவிட நன்றாக நான் எப்படிச் சொல்வது?" என்று அப்படியே எழுதிவிடுகிறார்கள்.

அதில் திருட்டுப் புத்தியைவிடப் பயமே அதிகம்.

ரெபெக்கா மூர் ஹோவர்டு என்ற அமெரிக்கப் பேராசிரியை இதை ஆராய்ந்திருக்கிறார். பிறர் வாக்கியத்தை எடுத்து, இங்கே ஒரு வார்த்தை, அங்கே ஒரு வார்த்தை மாற்றி எழுதுவதற்கு அவர் ஒரு பெயர் வைத்தார். தமிழில் "ஒட்டுப்போட்ட எழுத்து" எனலாம். புதிதாக எழுதப் பழகுபவர் எல்லோரும் தாண்டும் படி இது, குற்றம் என்று அடிப்பதைவிடச் சொல்லிக்கொடுப்பதே மேல் என்பது அவர் கட்சி. அது சரி என்றே தோன்றுகிறது. நடக்கப் பழகும் குழந்தை சுவரைப் பிடிப்பதில்லையா?

ஒட்டுப்போட்ட எழுத்து எப்படி இருக்கும்? ஒரு புத்தகத்தில் இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

"ஆகாயத்தாமரை ஏரி முழுவதும் படர்ந்தால், சூரிய ஒளி நீருக்குள் செல்லாது, நீரில் பிராணவாயு குறைந்து மீன்கள் மடியும்."

மாணவி எழுதுகிறாள்:

"வெங்காயத்தாமரை குளம் முழுக்கப் பரவினால், வெயில் தண்ணீருக்குள் போகாது, தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் சாகும்."

வார்த்தைகளில் பெரும்பாலானவை மாறிவிட்டன. ஆனால் எலும்புக்கூடு அதேதான்! பழைய சட்டைக்குப் புதுப் பொத்தான் வைத்தது போல.

நூலகர் சொல்லும் வழி எளிது. வரியை இரண்டு முறை படி. புத்தகத்தை மூடு. பக்கத்தில் இருக்கும் தோழியிடம் வாயால் சொல். சொன்னதை எழுது. பிறகு புத்தகத்தைத் திறந்து, பிழை இருக்கிறதா என்று பார்.

அப்படிச் செய்தால் இப்படி வரும்:

"ஏரிக்குக் கூரை போட்டது போல் இந்தச் செடி மூடிக்கொள்கிறது. அடியில் வெளிச்சமும் இல்லை, பிராணவாயுவும் போதவில்லை. அதனால்தான் மீன் செத்து மிதக்கிறது என்று இன்னார், இன்ன புத்தகத்தில், இன்ன பக்கத்தில் சொல்கிறார்."

இது அவளுடைய வாக்கியம். கருத்து மட்டும் இரவல். இரவல் என்பதையும் சொல்லிவிட்டாள். அதன் கீழேயே, "எங்கள் ஏரியில் நான் பார்த்தபோது..." என்று தன் பங்கைத் தொடங்கலாம்.

மொய் நோட்டு

"எங்கிருந்து எடுத்தேன்" என்று எழுதி வைப்பது அப்படி என்ன பெரிய காரியம்?

கல்யாண வீட்டில் மொய் நோட்டு எழுதுகிறோம். இன்ன ஊர், இன்னார் மகன் இன்னார், இவ்வளவு ரூபாய். ஊர்ப் பெயரை விட்டுவிட்டால் வம்பு. இரண்டு முருகேசன் இருந்தால் எந்த முருகேசன் என்று பத்து வருஷம் கழித்துத் தகராறு வரும். ஆராய்ச்சிக் கட்டுரையின் கடைசியில் வரும் நூல் பட்டியலும் ஒரு மொய் நோட்டுத்தான். யார் எழுதியது, எந்த ஆண்டு, என்ன தலைப்பு, எங்கே வெளிவந்தது என்று எல்லாம் இருக்க வேண்டும்.

ஒரு வித்தியாசம் உண்டு. மொய் நோட்டைப் புரட்டுவது வீட்டுக்காரர் மட்டுமே. இந்தப் பட்டியலை உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துச் சரிபார்க்கலாம். சரிபார்க்க முடிய வேண்டும். அதற்காகத்தான் அது இருக்கிறது.

பட்டியலில் கமா எங்கே, புள்ளி எங்கே என்பதற்கெல்லாம் சட்டம் இருக்கிறது. மாணவர்கள் அலுத்துக்கொள்வது இதைப் பார்த்துத்தான். அந்தச் சட்டங்களில் புகழ்பெற்ற ஒன்றை எழுதியவர் ஒரு பெண்மணி. பெயர், கேட் டுரேபியன். அமெரிக்காவில் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் 1930 முதல் 1958 வரை ஆராய்ச்சிக் கட்டுரைகளைச் சரிபார்க்கும் காரியதரிசியாக இருந்தார். அங்கே எம்.ஏ., டாக்டர் பட்டக் கட்டுரைகள் அவர் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். விளிம்பில் இடம் போதாது, குறிப்பு சரியில்லை என்றால் திரும்பி வந்துவிடும்!

ஒவ்வொருவருக்கும் ஒரே விஷயத்தைச் சொல்லிச் சொல்லி அலுத்ததாலோ என்னவோ, 1937-ல் ஒரு சிறு கையேடு எழுதினார். அது வளர்ந்து பெரிய புத்தகமாகி, 90 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது.

இத்தனை டாக்டர்களை உருவாக்கிய அந்த அம்மாள், கல்லூரிப் பட்டம் பெற்றவர் அல்ல.

இப்போது அந்த வேலையில் பாதியைச் "சொட்டேரோ" போன்ற கம்ப்யூட்டர் உதவிகள் செய்துவிடுகின்றன. இது இலவசம். 2006-ம் ஆண்டு வெளிவந்தது. படித்த புத்தகத்தின் விவரத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு, பட்டியலைத் தானே போட்டுக் கொடுக்கும். பட்டறையில் இதைச் சொல்லிக்கொடுக்கும் போது மாணவர் முகத்தில் வரும் மலர்ச்சி தனி. ஆனால் நாம் தப்பான விவரம் கொடுத்தால் அதுவும் தப்பாகவே போடும்.

நூற்றுக்குப் பத்து

நம் நாட்டில் பல்கலைக்கழக மானியக் குழு 2018-ம் ஆண்டு எழுத்துத் திருட்டைத் தடுக்க விதி கொண்டுவந்தது. ஆராய்ச்சிக் கட்டுரையைக் கம்ப்யூட்டரில் போட்டு, மற்ற எழுத்துக்களோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்க வேண்டும். மேற்கோள் குறிக்குள் முறைப்படி எடுத்துக் காட்டியதைக் கழித்துவிடலாம். மிச்சத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கு வரை தண்டனை இல்லை. அதற்கு மேல் நாற்பது வரை என்றால், ஆறு மாதத்துக்குள் திருத்தி எழுதித் தர வேண்டும். நாற்பதுக்கு மேல் அறுபது வரை போனால், ஓர் ஆண்டுக்குத் திருத்திய கட்டுரையைக்கூடக் கொடுக்க முடியாது. அறுபதையும் தாண்டினால் பதிவே ரத்து! அத்தனை ஆண்டுப் படிப்பும் அதோடு சரி.

ஒவ்வொரு அரையாண்டிலும் மாணவருக்கும் ஆசிரியருக்கும் இது பற்றி விழிப்பூட்டும் கூட்டம் நடத்த வேண்டும் என்றும் அந்த விதி சொல்லிற்று. ஆராய்ச்சி நெறி பற்றிய 30 மணி நேரப் பாடத்தை, டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்வோர் எல்லோரும் படிக்க வேண்டும் என்று 2019-ல் மானியக் குழு அறிவித்தது. நூலகங்களில் பட்டறைகள் பெருகியதற்கு இவையும் காரணம்.

இதிலும் ஒரு கோளாறு உண்டு. சில மாணவர்கள் எழுதக் கற்றுக்கொள்ளாமல், கம்ப்யூட்டர் காட்டும் அந்த எண்ணை மட்டும் குறைக்கப் பார்க்கிறார்கள். வார்த்தையைத் திருகி, வாக்கியத்தைக் குப்புறக் கவிழ்த்து, அர்த்தமே இல்லாமல் செய்துவிடுகிறார்கள். காய்ச்சலைக் கவனிக்காமல் தெர்மாமீட்டரைக் குளிர்ந்த தண்ணீரில் முக்கும் வேலை இது!

புற்றுநோய் மருந்தும் போலிப் பத்திரிகையும்

எழுதினால் மட்டும் போதாது. நல்ல ஆராய்ச்சிப் பத்திரிகையில் வெளிவர வேண்டும். அங்கே வேறொரு கண்ணி காத்திருக்கிறது.

2013-ம் ஆண்டு ஜான் பொஹானன் என்ற அமெரிக்க எழுத்தாளர் ஒரு வேடிக்கை செய்தார். வேடிக்கை என்றாலும் விஷயம் பெரிது. பாறையிலும் மரத்திலும் படியும் ஒரு பாசி இனத்தில் இருந்து புற்றுநோயை அடக்கும் பொருள் கண்டதாக ஒரு பொய்க் கட்டுரை எழுதினார். இல்லாத ஆராய்ச்சியாளர்; இல்லாத ஆராய்ச்சி நிலையம்; கட்டுரை முழுவதும் பிழை. படிப்பறிவு உள்ள எந்த நிபுணரும் பார்த்தவுடன் தூக்கி எறிந்திருக்க வேண்டும்.

304 பத்திரிகைகளுக்கு அனுப்பினார். 157 பத்திரிகைகள் ஏற்றுக்கொண்டன! மறுத்தவை 98தான்.

இந்தியாவில் இருந்து வெளிவந்தவற்றில் 64 ஏற்றுக்கொண்டன. 15 மட்டுமே மறுத்தன என்று அவர் "சயின்ஸ்" பத்திரிகையில் எழுதினார்.

காரணம், பணம். கட்டுரையை வெளியிட எழுதியவரிடமே கட்டணம் வாங்குகிறார்கள். இந்த முறையில் நல்ல பத்திரிகைகளும் உண்டு. ஆனால் கட்டணத்துக்காகவே கடை விரித்தவை, படித்துப் பார்க்காமலே "ஏற்றுக்கொண்டோம்" என்று எழுதிவிடும். வேலைக்கும் பதவி உயர்வுக்கும் கட்டுரை வேண்டும் என்று தவிக்கும் ஏழை மாணவர், கடன் வாங்கிக் கட்டினாலும் அது வீண் பணம். அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. பொய்யான புற்றுநோய் மருந்துக் கட்டுரையை நம்பி வேறொருவர் வேலையைத் தொடங்கினால்?

ஆகவே பட்டறையில் பத்திரிகையைச் சோதிக்கவும் பழக்குகிறார்கள். ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் உண்மையான ஆட்களா? விலாசம் இருக்கிறதா? அனுப்பிய மூன்றாம் நாளே "பிரமாதம்" என்று பதில் வந்தால் சந்தேகப்படு! நகைக் கடையில் உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பது போல.

இல்லாத புத்தகத்தைத் தேடி

புதிய தலைவலி ஒன்று 2022-ம் ஆண்டுக் கடைசியில் இருந்து சேர்ந்திருக்கிறது. கேட்ட கேள்விக்குக் கோர்வையாகப் பதில் எழுதித் தரும் செயற்கை அறிவு இயந்திரங்கள் வந்துவிட்டன. "ஆதாரம் கொடு" என்றால் அதுவும் கொடுக்கும். ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்கம் எல்லாம் கனகச்சிதம். ஆனால் அப்படி ஒரு கட்டுரையே உலகத்தில் இல்லாமல் இருக்கலாம்!

2023-ல் நியூயார்க் நகரில் ஒரு வழக்கு. விமானத்தில் தள்ளுவண்டி முழங்காலில் இடித்துவிட்டது என்று ஒரு பயணி நஷ்டஈடு கேட்டார். அவருடைய வக்கீல்கள் பழைய தீர்ப்புகளை எடுத்துக் காட்டினார்கள். எதிர்த்தரப்பு தேடியது, கிடைக்கவில்லை. நீதிபதி தேடினார்; கிடைக்கவில்லை. எல்லாம் இயந்திரம் கற்பனை செய்த தீர்ப்புகள்! வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது.

இப்படிப்பட்ட இல்லாத கட்டுரையைத் தேடித் தரச் சொல்லி நூலகத்துக்கும் ஆட்கள் வருகிறார்கள். நூலகர் தேடுகிறார், தேடுகிறார், கிடைப்பதில்லை. "எங்கே பார்த்தீர்கள்?" என்று கேட்டால், வந்தவர் தலையைச் சொறிகிறார்.

"கண்ணால் பார்க்காத புத்தகத்தைப் பட்டியலில் எழுதாதே." பட்டறையில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது இது.

வீட்டிலேயே பார்க்கலாம்

முன்பெல்லாம் ஆராய்ச்சிக் கட்டுரையைக் கட்டிக் கொடுத்துவிட்டால், அது நூலக அலமாரியில் தூசி படிந்து கிடக்கும். பல ஆண்டுக்கு யாரும் தொட மாட்டார்கள். குட்டன்பர்க் காலத்தோடு அந்தப் பாதுகாப்பு முடிந்தது!

இந்தியாவில் "ஷோத்கங்கா" என்று ஒரு பெரிய கம்ப்யூட்டர் களஞ்சியம் இருக்கிறது. குஜராத் மாநிலம் காந்திநகரில் உள்ள ஒரு மத்திய நிலையம் அதை நடத்துகிறது. "ஷோத்" என்றால் ஆராய்ச்சி. கங்கைபோல் ஓடும் ஆராய்ச்சி என்று பெயர் வைத்தார்கள். நாடு முழுவதும் இருந்து வந்த டாக்டர் பட்டக் கட்டுரைகள் லட்சக்கணக்கில் அதில் இருக்கின்றன. தமிழில் எழுதியவையும் உண்டு. படிக்கக் கட்டணம் கிடையாது. செல்போன் இருந்தால் போதும்.

உங்கள் உறவில் யாராவது டாக்டர் பட்டம் வாங்கியிருந்தால், பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள். பல கட்டுரைகளில், ஆராய்ச்சி தொடங்குவதற்கு முன்னால் நன்றி கூறும் பக்கம் ஒன்று இருக்கும். வழிகாட்டிய பேராசிரியருக்கு நன்றி, நூலகருக்கு நன்றி, அதற்கடுத்து, படிக்க வைத்த அம்மா, அப்பா பெயர்.

அந்தப் பக்கத்துக்கு மட்டும் மேற்கோள் குறி தேவைப்படுவதில்லை.